முதல் குண்டு கணக்கில் இல்லை

படிக்கட்டில் ஏறி வந்த சத்தத்தைக் கேட்டதுமே லெஸ்டர் சொல்லிவிட்டான்.

"பாஸ், வர்றது கல்யாணப் பொண்ணு. செம கோவத்துல வருது. அழுதிருக்கு வேற."

"சத்தத்த வச்சே எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றாள் நார்மா ஸ்டாஃபர். பிரெட்ஸல் முறுக்குப் பொட்டலத்தின் அடியில் கடைசித் துண்டைத் துழாவிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இப்பதான் ஜன்னல் வழியா பார்த்தேன்."

துப்பறிவாளர் நார்மாவிடம் சேருவதற்கு முன் லெஸ்டர் வீடு வீடாக பீட்ஸா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவன். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் ஆள் கடிப்பார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நார்மாவோ பிலடெல்பியாவில் இன்சூரன்ஸ் மோசடிகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய் இந்த மலைப்பக்கம் வந்தவள். வந்து ஆறு வருஷமாகியும் துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத ஒரே ஆள் இந்த ஊரில் அவள்தான். லெஸ்டருக்குத் தெரியும். ஆனால் அவன் சுட்டு இதுவரை ஒரு மானும் சாகவில்லை. மாமனாரின் டிராக்டருக்குத்தான் கொஞ்சம் சேதம்.

கதவு திறந்தது. மார்லா ஹம்மல் உள்ளே வந்து, பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக்கூட உதறாமல் நாற்காலியில் விழுந்தாள்.

"அக்கா, என் கல்யாணம் நின்னுபோச்சு."

"மாப்பிள்ளை ஓடிட்டானா?" என்றான் லெஸ்டர்.

"கர்ட் எங்கயும் ஓடல. மான்தான் ஓடிப்போச்சு."

நார்மா பிரெட்ஸல் தேடுவதை நிறுத்தினாள். "முதல்லேர்ந்து சொல்லு."

மார்லா சொன்னாள். அவளுடைய அப்பா ஹார்லன் ஹம்மலும், மாப்பிள்ளையின் அப்பா எல்வுட் கிரைடரும் முப்பது வருஷ சிநேகிதர்கள். ஒரே வேட்டை கேம்ப்பின் குடிசையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பிள்ளைகள் இருவரும் காதலிக்கிறார்கள் என்று தெரிந்த அன்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் குடிசையின் பலகை ஒன்று உடைந்தது. போன மாசி மாதம் ஹார்லனுக்குப் புது சக்கிமுக்கித் துப்பாக்கி வந்தது. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக் குண்டைக் கோலால் இடித்து இறக்கிச் சுடும் பழைய தினுசு. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வரும் மான் சீசனில் இங்கே அதை வைத்துத்தான் சுட வேண்டும். கைதேர்ந்த ஆசாரி ஒருவர் இரண்டு வருஷம் காக்கவைத்துச் செய்து கொடுத்தது.

"அதுக்கு எது ஒத்துவரும்னு கண்டுபிடிக்கவே கோடை பூரா போச்சுக்கா. மருந்தைக் கொஞ்சம் கூட்டி ஒரு வாரம், குறைச்சு ஒரு வாரம். தடிச்ச துணி, மெல்லிசு துணி. அம்மாவோட தலகாணி உறையில மூணு காணோம். எல்லாம் கிட்டத்தட்ட சரியா வந்துச்சு, ஆனா குண்டு கொஞ்சம் சிதறிக்கிட்டே இருந்துச்சு. கடைசியா எல்வுட் மாமா, துணியில தடவுற கொழுப்பு ஒரு டப்பா குடுத்தாரு. அதைத் தடவினதும் அஞ்சு குண்டும் ஒரு காப்பித் தட்டுக்குள்ள விழுந்துச்சாம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவைத் தூக்கிச் சுத்தினாரு."

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"சீசன் ஆரம்பிச்சதும் மூணு நாள், மூணு மான். மூணும் கைக்கெட்டுற தூரம். மூணும் தப்பிச்சிருச்சு. அதுல ஒண்ணு கோணக்கொம்பன்."

லெஸ்டர் விசில் அடித்தான். ஒரு கொம்பு நேராகவும் இன்னொன்று காதோரமாக வளைந்தும் இருக்கும் அந்தக் கலைமானை இந்த மலையில் நான்கு வருஷமாகத் துரத்தாதவர் கிடையாது.

"அப்பா விட்ட கோணக்கொம்பனை அன்னிக்கே அடுத்த மேட்டுல எல்வுட் மாமா சுட்டுட்டாரு. அவ்வளவுதான். கொழுப்புல எதையோ கலந்து குடுத்து என் மானைத் திருடிட்டான்னு அப்பா கேம்ப்ல எல்லார் முன்னாடியும் கத்தினாரு. திருடன் வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டேன்னுட்டாரு. அந்த வார்த்தைய வாபஸ் வாங்குற வரைக்கும் சர்ச் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு மாமா. கர்ட் திங்கக்கிழமை அலாஸ்காவுக்கு மீன்பிடிக் கப்பல்ல போறான், எட்டு மாசம் கழிச்சுதான் வருவான். சனிக்கிழமை கல்யாணம். இன்னிக்குப் புதன்." அவள் குரல் உடைந்தது. "அப்பா என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகலைன்னா நான் போகவே மாட்டேன்க்கா. கர்ட்டையும் விட முடியாது. நான் என்ன பண்றது சொல்லுங்க."

நார்மா கோட்டை எடுத்து மாட்டினாள். "லெஸ்டர், வண்டியை எடு."

"பாஸ், சாட்சி, குற்றவாளி, பிணம், இதுல எதை முதல்ல பார்க்கறோம்?"

"கொழுப்பை."

*

எல்வுட் கிரைடர் தன் தொழுவத்தில், இரும்பு அடுப்பின் மேல் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். குள்ளமான, அகலமான மனிதர். சட்டையில் மூன்று நாள் சாப்பாடு தெரிந்தது. அவர் தலைக்கு மேலே உத்தரத்திலிருந்து கோணக்கொம்பன் தலைகீழாகத் தொங்கியது.

"என்ன, என்னைக் கைது பண்ண வந்தீங்களா?"

"அந்த அதிகாரம் எங்களுக்கு இல்லைண்ணே. சும்மா கேவலமா பேசிட்டுப் போறது மட்டும்தான்" என்றான் லெஸ்டர்.

எல்வுட் அடுப்பிலிருந்த சட்டியைக் காட்டினார். "இதான் அந்தக் கொழுப்பு. மாட்டுக் கொழுப்பு, தேன்மெழுகு. வேற ஒண்ணும் கிடையாது. கலப்படமாம்! எங்கப்பா காலத்துலேர்ந்து இதைத்தான் காய்ச்சறோம்." ஆறி உறைந்த டப்பா ஒன்றில் விரலை விட்டு வழித்து வாயில் வைத்துச் சப்பினார். பிறகு டப்பாவை லெஸ்டர் மூக்குக்கு நேரே நீட்டினார். "நீயும் தின்னு."

லெஸ்டர் நார்மாவைப் பார்த்தான். நார்மா கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவனும் ஒரு விரல் நக்கினான்.

"எப்படி இருக்கு?"

"உப்பு கம்மி."

எல்வுட்டுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே அடக்கிக்கொண்டார். "முப்பது வருஷம்மா. அவன் கல்யாணத்துக்கு நான் மாப்பிள்ளைத் தோழன். என் பொண்டாட்டி போனப்போ ராவும் பகலும் கூட உக்காந்திருந்தவன் அவன். அவன் வாயால திருடன்னு கேக்கறேன். நெஞ்சு எரியுது."

"நீங்க உங்க துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து போடுவீங்க?" என்று கேட்டாள் நார்மா.

எல்வுட் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கதவு அந்தப் பக்கம் இருக்கு."

வெளியே வந்ததும் லெஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டான். "பாஸ், பாஸ், பாஸ்! இந்த ஊர்ல ஒருத்தர்கிட்ட சம்பளம் கேக்கலாம். வயசு கேக்கலாம். தம்பி ஏன் ஜெயிலுக்குப் போனான்னுகூட கேக்கலாம். துப்பாக்கிக்கு என்ன போடறீங்கன்னு மட்டும் கேக்கவே கூடாது."

"ஏன்?"

"அவங்கவங்க வருஷக்கணக்கா தேடிக் கண்டுபிடிச்சது. கேட்டா, 'எனக்குத் துப்பில்லை, நீயே சொல்லிக்குடு'ன்னு அர்த்தம். செத்தாலும் கேக்க மாட்டாங்க. கேக்காதவனுக்கு மத்தவனும் வாயைத் திறக்க மாட்டான். மரியாதை."

"அப்ப கொழுப்பு மட்டும் எப்படிக் குடுத்தாரு?"

"சம்பந்தி ஆகப்போறாரு இல்ல? அதுக்கே கேம்ப்ல ஒரு வாரம் இதைத்தான் பேசியிருப்பாங்க."

நார்மா காரில் ஏறி உட்கார்ந்தாள். சிறிது தூரம் போனதும் சொன்னாள்: "ஒண்ணு கவனிச்சியா? அந்த மனுஷன் நம்மகிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல."

"கோவத்துல இருக்காரு."

"கோவத்துல இருக்கறவன்தான் நிறையக் கேப்பான். குண்டு மேல போச்சா, கீழ போச்சா, மழை பெஞ்சுதா, மருந்து நனைஞ்சுதான்னு. தன் கொழுப்பு மேல பழி விழுந்திருக்கு, வேற காரணம் கிடைக்காதான்னு துடிக்கணும். இவருக்கு அதுல ஆர்வமே இல்ல. ஏன்னா காரணம் அவருக்குத் தெரியும்."

லெஸ்டர் பிரேக்கில் காலை வைத்துவிட்டான். "அப்ப அவர்தான் குற்றவாளியா?"

"தெரிஞ்சவர்னு சொன்னேன். செஞ்சவர்னு சொல்லல. ரோட்டைப் பாரு."

*

துப்பாக்கிக் கழகத்தின் மைதானம் முழங்காலளவு பனியில் கிடந்தது. நார்மா வரச் சொல்லியிருந்தபடி ஹார்லன் ஹம்மல் அவர்களுக்கு முன்பே வந்து நின்றார். நெட்டையான மனிதர். இஸ்திரி கலையாத சட்டை. ஜனவரி மாதத்துச் சேற்றிலும் அவருடைய லாரி கண்ணாடி போல மின்னியது. பனி பெய்துகொண்டிருக்கும்போதே வண்டி கழுவுகிற ஆள் இந்த மாவட்டத்தில் அவர் ஒருவர்தான்.

உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்தபோது லெஸ்டரே வாயைப் பிளந்தான். புலிவரி ஓடிய மேப்பிள் கட்டை, கன்னம் பதியும் இடத்தில் பித்தளை நட்சத்திரம். ஹார்லன் அதைத் தொட்டில் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார்.

"எதுக்கும்மா இதெல்லாம்? எல்வுட் திருடன். கேஸ் முடிஞ்சுது."

"முடிஞ்ச கேஸையும் ஒருதடவை பார்த்துடலாமே. சுட்டுக் காட்டுங்க."

ஹார்லன் மருந்தை அளந்து கொட்டினார். கொழுப்பு தடவிய துணியில் குண்டை வைத்து, கோலால் ஒரே சீராக இறக்கினார். ஆனால் எதிரே இருந்த அட்டையைக் குறிபார்க்காமல், பக்கத்து மண்மேட்டைப் பார்த்து விசையை இழுத்தார். பளீரென்று ஒரு வெளிச்சம், டுமீலென்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை.

"எங்க சுடறாரு?" என்றாள் நார்மா.

"அது கொப்பளிப்பு பாஸ். காலையில எழுந்ததும் வாய் கொப்பளிக்கிற மாதிரி. முதல் குண்டை மண்ணுல சுட்டுக் குழலைச் சூடு பண்ணிக்கிறது. கழகத்துல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. அது கணக்குல சேராது."

பிறகு ஹார்லன் ஈரத்துணியால் குழலை ஒருமுறை துடைத்துவிட்டு, அட்டையில் சுட்டார். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் ஒரு துடைப்பு. ஐந்து குண்டுகள். அட்டையை எடுத்து வந்து பார்த்தால், ஐந்து ஓட்டைகளையும் ஒரு காப்பித் தட்டை வைத்து மூடிவிடலாம். வேறு ஒரு டப்பா கொழுப்பு இருந்தது, கிறிஸ்துமஸுக்கு எல்வுட் கொடுத்து, சீசனில் தடவியது. அதைத் தடவியும் சுடச் சொன்னாள் நார்மா. அதுவும் தட்டுக்குள்தான்.

"கொழுப்பு நிரபராதி" என்றான் லெஸ்டர். "நான் தின்னப்பவே சொன்னேன்."

ஹார்லனின் முகம் சிவந்தது. "அப்ப கேம்ப்ல எவனும் பார்க்காத நேரம் துப்பாக்கியில கைவச்சிருக்கான்!"

"கைவச்சிருந்தா இங்க மட்டும் எப்படி ஒழுங்கா சுடுது?"

அவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நார்மா பனியில் இறங்கி நடந்தாள். குண்டோடு பறந்து வெளியே விழுந்த துணித் துண்டுகள் வெள்ளைப் பனியில் கறுப்புக் கறுப்பாகக் கிடந்தன. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

"பாஸ், குப்பை பொறுக்கவா வந்தோம்?"

"நீ அந்த மண்மேட்டுப் பக்கம் தேடு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். நார்மா எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். அட்டையில் சுட்ட குண்டுகளின் துணிகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. நடுவில் வட்டமாகக் கரி, ஓரம் வெளுப்பு. லெஸ்டர் கொண்டுவந்தது மட்டும் வேறு மாதிரி. காவி நிறத்தில் ஊறிப்போய், ஓரம் கிழிந்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"இது யாரோடது?"

ஹார்லன் எட்டிப் பார்த்தார். "என்னுதுதான். கொப்பளிப்போட துணி. அதையெல்லாம் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டோம்."

"ஏன்?"

"அதான் கணக்குல இல்லையே."

நார்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கண்ணாடி துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று லெஸ்டருக்குத் தெரியும்.

"காட்டுலயும் இப்படித்தான் முதல்ல மண்ணுல ஒண்ணு சுட்டுக் கொப்பளிச்சுட்டு, அப்புறம் மானைச் சுடுவீங்களா?"

ஹார்லன் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "கேளுடா லெஸ்டர், இந்தம்மா கேக்கறதை! அந்தச் சத்தத்தைக் கேட்டா ஒரு மானாவது மலையில நிக்குமாம்மா? காலையில குடிசையில மருந்து கெட்டிச்சுட்டு ஏறிப் போவோம். மான் வந்தா சுடுவோம். முதல் குண்டே..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"முதல் குண்டே மானுக்குத்தான்" என்று முடித்தாள் நார்மா. "கேம்ப்ல ராத்திரி துப்பாக்கியை என்ன பண்ணுவீங்க?"

"வெந்நீர் ஊத்திக் கழுவி, எண்ணெய் போட்டு வைப்பேன். என் துப்பாக்கியில ஒரு புள்ளி துரு பார்த்திருக்கீங்களா?"

"எவ்வளவு எண்ணெய்?"

"தாராளமா."

"காலையில அந்த எண்ணெயைத் துடைப்பீங்களா?"

"இல்ல" என்று முனகினார் ஹார்லன். இதற்கு முன் வைத்திருந்த துப்பாக்கி ஓட்டை உடைசல், அதை அவர் இவ்வளவு சீராட்டியதே கிடையாது. சீராட்டல் எல்லாம் இந்தப் புது ராணிக்குத்தான்.

"அதையே இப்ப செய்ங்க" என்றாள் நார்மா. "ராத்திரி மாதிரியே கழுவி, ராத்திரி மாதிரியே எண்ணெய் போட்டு, காலையில மாதிரியே கெட்டிச்சு, கொப்பளிக்காம நேரா அட்டையில சுடுங்க."

கழகத்து அடுப்பில் வெந்நீர் போட்டார்கள். கழுவினார். எண்ணெய் விட்டார். கெட்டித்தார். சுட்டார். லெஸ்டர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினான். "அண்ணே! மானோட முதுகுக்கு மேல ஒரு குருவி பறந்துச்சுன்னா அது செத்துது!"

குறியிலிருந்து ஒரு சாண் மேலே, கொஞ்சம் இடப்பக்கம்.

மறுபடியும் கழுவல், எண்ணெய், கெட்டிப்பு. மறுபடியும் அதே இடம். மூன்றாவது முறையும் சுட்டார். குண்டு தன் இரண்டு சகோதரர்களோடு போய் ஒட்டிக்கொண்டது. மேலே ஒரு சாண் தள்ளி, மூன்று ஓட்டைகள், ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு.

"மூணு மான்" என்றாள் நார்மா மெதுவாக. "கோடை பூரா கஷ்டப்பட்டு அருமையா ஒரு பக்குவம் கண்டுபிடிச்சிருக்கீங்க, ஹார்லன். ஆனா அது ரெண்டாவது குண்டுலேர்ந்துதான். மான் முதல் குண்டுக்குத்தான் நின்னுச்சு."

"துப்பாக்கி சும்மா இல்லண்ணே, நல்லாத்தான் சுட்டிருக்கு. குண்டுதான் எண்ணெய்ல வழுக்கிக்கிட்டு மேல..." என்றான் லெஸ்டர். பிறகு ஹார்லனின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சைப் பாதியில் நிறுத்தினான்.

ஹார்லன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மூன்று ஓட்டைகளையும் விரலால் தடவினார். "எல்லார் முன்னாடியும் சொன்னேன்மா. அத்தனை பேர் முன்னாடி. முப்பது வருஷ சிநேகிதன்னு பார்க்காம திருடன்னேன். அவன் திருப்பி ஒரு வார்த்தை பேசல. தொப்பியை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டான்." அவர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "எனக்கு இப்பவே அவனைப் பார்க்கணும்."

*

ஹார்லன் தொழுவத்துக்குள் நுழைந்தபோது அங்கே மார்லாவும் கர்ட்டும் இருந்தார்கள். நார்மா வழியிலேயே போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். எல்வுட் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே கோணக்கொம்பன்.

ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். "எல்வுட். நான் முட்டாள். கொழுப்பு மேல தப்பு இல்ல, உன் மேல தப்பு இல்ல. ராத்திரி ராத்திரி நான் ஊத்தின எண்ணெய்தான். கேம்ப்ல எல்லார் முன்னாடியும் என்ன சொன்னேனோ, அதை எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்கறேன். மன்னிச்சுக்கடா."

மார்லா கர்ட்டின் கையைப் பிடித்து நசுக்கினாள். லெஸ்டர் மூக்கை உறிஞ்சினான்.

எல்வுட் மட்டும் சந்தோஷப்படவில்லை. அவர் முகம் மாட்டுக்குப் பல்வலி வந்தது மாதிரி கோணியது. காலை மாற்றி மாற்றி நின்றார். கழுத்தைச் சொறிந்தார்.

"சரி, போ, விடு" என்றார். பிறகு, "ஏய், நில்லு. இப்படியெல்லாம் மன்னிப்பு கேக்காத. எனக்குத் தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"எண்ணெய்தான்னு. முதல் நாளே தெரியும். நீ காலையில துணி விட்டுத் துடைக்காம அப்படியே மருந்தைக் கொட்டினதைப் பார்த்தேன். எண்ணெய் வாடை என் கட்டில் வரைக்கும் அடிச்சுது."

லெஸ்டர் நார்மாவைப் பார்த்தான். நார்மா, நான் சொல்லலையா என்பது போல ஒரு புருவத்தை உயர்த்தினாள்.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?" என்றார் ஹார்லன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நீ கேக்கல. கேக்காதவன்கிட்டப் போய் உன் துப்பாக்கி இப்படி, உன் பக்குவம் அப்படின்னு சொன்னா அது உனக்கு அவமானம்." எல்வுட் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். பிறகு உண்மையே பேசிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். "அப்புறம், கோணக்கொம்பன் வேற."

"மாமா!" மார்லா வெடித்தாள். "ஒரு மானுக்காகவா? நாலு நாளா நான் ஒரு வாய் சாப்பிடல! நீங்க ரெண்டு பேரும் பெரிய மனுஷங்களா? ஒருத்தருக்குக் கேக்க வாய் வராது, ஒருத்தருக்குச் சொல்ல வாய் வராது, நடுவுல என் கல்யாணம் நாறணுமா? போங்க! ரெண்டு பேரும் அந்த மானையே கட்டிக்கிட்டு அழுங்க!"

போச்சு, என்று நினைத்தான் லெஸ்டர். மன்னிப்பு இப்போதுதான் கேட்கப்பட்டது, சூடு ஆறுவதற்குள் திரும்பிப் போகப்போகிறது. ஹார்லனின் காது நுனிவரை சிவந்திருந்தது. தொப்பியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார், ஈரத்துணி பிழிவது மாதிரி. அவர் வாய் திறந்து மூடியது. மறுபடியும் திறந்தது. இப்போது வரப்போவது எந்த வசவு என்று கர்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

"எல்வுட்" என்றார் ஹார்லன். வார்த்தை ஒவ்வொன்றும் பல் பிடுங்குவது போல வெளியே வந்தது. "முதல் குண்டுக்கு... நீ என்னடா பண்ணுவ?"

லெஸ்டர் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினான். இந்த மலையில் ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு அவன் பார்த்ததே இல்லை. அவனுடைய அப்பா ஐம்பது வருஷம் குறி தவறியே செத்தார், கேட்கவில்லை.

எல்வுட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கோணக்கொம்பனின் வளைந்த கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்று, செருமினார்.

"அது எங்கப்பா எனக்குச் சொன்னது. வெளியாளுக்குச் சொல்ல மாட்டேன்."

"மாமா!" என்றாள் மார்லா.

"சம்பந்திக்குச் சொல்வேன்" என்றார் எல்வுட். "ஆனதுக்கு அப்புறம்."

ஹார்லன் பதறினார். "சனிக்கிழமை பொழுது சாஞ்சா சீசன் முடியுதுடா! கல்யாணம் மத்தியானம் ரெண்டு மணிக்கு. அது முடிஞ்சு, விருந்து முடிஞ்சு நீ சொல்லி, நான் எந்த மானை எப்பப் போய்ச் சுடறது?"

"அது உன் பாடு."

ஹார்லன் சட்டைப் பையிலிருந்து போனை உருவினார். அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தான் அமுங்கிவிட்டது. மணி அடித்தது. எடுத்தவர் போதகர் ரிட்டர்.

"போதகரே, ஹார்லன் பேசறேன். சனிக்கிழமை மார்லா கல்யாணம்..."

"நின்னுபோச்சுன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம், ஹார்லன். நானே..."

"எவன் சொன்னான் நின்னுச்சுன்னு? நடக்குது! நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன். ரெண்டு மணியைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சுக்கலாமா? காலையில பத்து?"

மறுமுனையில் போதகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குரல் தாழ்ந்து, ஆனால் ஏக ஆவலோடு வந்தது.

"ஏழு மணின்னு வச்சுக்கங்களேன். எனக்கும் இந்த வருஷம் இன்னும் ஒண்ணும் கிடைக்கல."

மார்லா அப்படியே வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, அழுதுகொண்டே சிரித்தாள். "ஏழு மணிக்கா? என் தலைமுடி பண்றவ எட்டு மணிக்குதான் கடையே திறப்பா!" என்றாள். அதைக் காதில் வாங்க அங்கே ஆள் இல்லை. இரண்டு சம்பந்திகளும் அதற்குள் வாசலுக்குப் போய், சனிக்கிழமை காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று மலையைப் பார்த்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.